மின்வாகன சார்ஜர் நிறுவுவதற்கான விதிகளும் அனுமதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்வாகனம் வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள், தங்கள் நிலத்திலோ கட்டடத்திலோ சார்ஜிங் வசதி அமைக்க நினைப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்ப எழுப்பும் ஐயங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு, நகரத்துக்கு நகரம் மாறும். ஆனால் எந்த ஆபத்தைத் தடுக்க, யாருடைய உரிமையைக் காக்க அந்த விதிகள் எழுதப்பட்டன என்பது எங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே விதியின் காரணத்தை முதலில் சொல்லி, அதை வெவ்வேறு நாடுகள் கையாளும் முறையைத் தேவையான இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறேன்.

1. என் சொந்த வீட்டில், எனக்கு மட்டும் ஒரு சார்ஜர் மாட்டுவதற்குக்கூட அனுமதி வேண்டுமா?

சொந்த வளாகத்தின் சுவரில் ஒரு சிறிய சார்ஜரைப் பொருத்துவதற்குப் பல நாடுகளில் தனியான கட்டட அனுமதி தேவைப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் வீட்டு வளாகத்துக்குள் இருக்கும் வாகன நிறுத்துமிடத்தில், குறிப்பிட்ட அளவுக்குள் அடங்கும் சார்ஜரைத் திட்ட அனுமதியின்றியே பொருத்தலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட பழங்காலக் கட்டடம் என்றால் இந்தச் சலுகை பொருந்தாது. சுவரில் துளையிடுவதற்கே ஒப்புதல் பெற வேண்டும்.

கட்டட அனுமதி தேவையில்லை என்பதால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குத் தெரிவிப்பது வேறொரு கடமை. இந்தியாவில் மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், வாகன உரிமையாளர்கள் தங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் மின் இணைப்பிலிருந்தே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவுபடுத்தின. ஆனாலும் அந்த இணைப்புக்கு ஒப்புதல் பெற்ற மின்பளுவை, அதாவது ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சார அளவை, மீறுவதற்கு அது உரிமை தரவில்லை.

2. அனுமதி, அனுமதி என்கிறார்களே, யாரிடம்தான் போய்க் கேட்பது?

குழப்பத்துக்குப் பெரிய காரணம், அனுமதி என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு கேள்விகள் அடங்கியிருப்பதுதான். அந்த இடம் யாருடையது என்ற கேள்விக்கு நிலத்தின் உரிமையாளரோ, அடுக்குமாடிச் சங்கமோ, தெருவாக இருந்தால் உள்ளாட்சி அமைப்போ பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்கு இவ்வளவு மின்சாரம் கிடைக்குமா என்பதை மின் பகிர்மான நிறுவனம் முடிவு செய்யும். செய்யப்பட்ட வேலை உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பானதா என்பதைத் தகுதி பெற்ற மின்பணியாளரின் சான்றும், தேவைப்படும் இடங்களில் மின் ஆய்வாளரும் தீயணைப்புத் துறையும் உறுதி செய்வார்கள். பிறருக்குக் கட்டணத்துக்கு விடுவதாக இருந்தால் மட்டுமே நான்காவது கேள்வி எழும்: இந்தச் சேவையை நடத்த உங்களுக்கு உரிமை உண்டா?

ஒன்றுக்குப் பெற்ற ஒப்புதல் மற்றொன்றுக்குச் செல்லாது. சங்கத்தின் கடிதம் கையில் இருப்பதால் மின்பளு தானாகக் கூடிவிடாது. கூடுதல் மின்பளு கிடைத்துவிட்டதால் பொதுச் சுவரில் கேபிள் இழுக்கும் உரிமையும் வந்துவிடாது.

3. சார்ஜரை வாங்கிவிட்டேன். இனி எங்கே தொடங்க வேண்டும்?

உங்கள் இணைப்புக்கு எவ்வளவு மின்பளு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதில் மிச்சம் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உண்மையில் சார்ஜரை வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். அனுமதிகளின் வரிசையைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். மற்ற அனுமதிகள் தாமதமானால் காத்திருந்து பெறலாம். போதிய மின்சாரம் இல்லையென்றால் இடம், சார்ஜரின் வகை, செலவு என எல்லாமே மாறிவிடும்.

கணக்கு எளிதானது. 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் 32 ஆம்பியர் எடுக்கும் சார்ஜருக்கு ஏறக்குறைய 7.4 கிலோவாட் தேவை. 400 வோல்ட் மும்முனை இணைப்பில் அதே 32 ஆம்பியர் என்றால் 22 கிலோவாட். 5 கிலோவாட் மட்டுமே ஒப்புதல் பெற்ற வீட்டில், குளிரூட்டியும் நீர்ச்சூடேற்றியும் ஓடிக்கொண்டிருக்கும்போது 7.4 கிலோவாட் சார்ஜரையும் இயக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், வீட்டிலுள்ள மற்றக் கருவிகள் விட்டுவிட்டு இயங்குகின்றன. சார்ஜரோ மணிக்கணக்கில் முழு மின்னோட்டத்தையும் தொடர்ந்து இழுக்கிறது. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு இதைத் தொடர் பளு என்று வகைப்படுத்தி, மின்சுற்றின் கொள்ளளவு சார்ஜர் எடுக்கும் மின்னோட்டத்தின் 125 சதவீதமாக இருக்க வேண்டும் என்று விதிப்பது இதனால்தான். 32 ஆம்பியர் சார்ஜருக்கு அங்கே 40 ஆம்பியர் சுற்று வேண்டும்.

4. எத்தனை கிலோவாட்டுக்கு மேல் போனால் விதிகள் கடுமையாகின்றன?

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே எல்லை கிடையாது. ஆனால் ஏதோ ஓர் எல்லை எங்கும் உண்டு. ஜெர்மனியில் எந்தச் சுவர் சார்ஜரையும் மின்வலை நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். 12 கிலோவோல்ட் ஆம்பியரை (சார்ஜர்களுக்கு இது ஏறக்குறைய 12 கிலோவாட்) தாண்டினால் முன் ஒப்புதலும் பெற வேண்டும். அங்கு 11 கிலோவாட் சார்ஜர்கள் வீடுகளில் பரவலாக இருப்பதற்கு இந்த எல்லை ஒரு முக்கியக் காரணம். 2024 ஜனவரி 1 முதல் நிறுவப்படும், 4.2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர்களின் வேகத்தை, வலையில் நெருக்கடி ஏற்படும்போது தற்காலிகமாகக் குறைக்கும் உரிமையும் அந்த நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. அப்போதும் 4.2 கிலோவாட் கிடைப்பது உறுதி. பதிலாக வலைக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு.

இரவு முழுவதும் வீட்டில் நிற்கும் வாகனத்துக்கு 22 கிலோவாட் தேவையில்லை. பல கார்களின் உள்ளேயே இருக்கும் சார்ஜர் 7 அல்லது 11 கிலோவாட்டுக்கு மேல் ஏற்காது. சுவரில் எவ்வளவு பெரிய கருவியை மாட்டினாலும் வேகம் கூடாது. எல்லையைத் தாண்டும் கருவியை வாங்கிக் கூடுதல் அனுமதிக்கு அலைவதைவிட, எல்லைக்குள் அடங்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலானோருக்குப் போதுமானது.

5. வீட்டு மீட்டரே போதுமா, தனி மீட்டர் வாங்க வேண்டுமா?

மின்பளு போதுமானதாக இருந்தால் வீட்டு மீட்டரே போதும். தனி இணைப்பின் பயன், சார்ஜிங்குக்கென்று தனிக் கட்டண வகை இருக்கும் இடங்களில்தான் தெரியும். இந்தியாவில் 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வாகன சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பைக் கேட்டுப் பெற நுகர்வோருக்கு உரிமை உண்டு. வீட்டுப் பயன்பாட்டுக்குப் படிநிலைக் கட்டணம் இருக்கும் பகுதிகளில், சார்ஜிங் சேர்ந்ததும் மொத்தப் பயன்பாடு உயர்ந்த படிக்கு ஏறிவிடக்கூடும். அப்படியானால் தனி மீட்டர் நிலைக்கட்டணத்தையும் மீறி ஆதாயமாக இருக்கலாம். பழைய மின்கட்டண ரசீதுகளை வைத்து ஓராண்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

6. சுவரில் ஏற்கெனவே 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது. அதில் செருகி சார்ஜ் செய்தால் எந்த அனுமதியும் வேண்டாம்தானே?

அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது. கவனம் மிகவும் தேவை. வாகனத்துடன் வரும், நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்திய கேபிளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நீட்டிப்புப் பெட்டிகளையும், ஒரு பிளக்கைப் பலவாகப் பிரிக்கும் அடாப்டர்களையும் அறவே தவிர்க்க வேண்டும். அந்த பிளக்குக்குத் தனிக் கம்பி வருகிறதா, நில இணைப்பு (எர்த்) உண்மையில் வேலை செய்கிறதா என்பதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள். தொடும்போது பிளக் சுட்டால் நிறுத்திவிட வேண்டும்.

7. தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவரே மாட்டிக்கொடுத்தால் போதாதா?

அவர் அந்தப் பகுதியின் சட்டப்படி உரிமம் பெற்றவராகவும், வேலை முடிந்ததும் சோதனைச் சான்று தரக்கூடியவராகவும் இருந்தால் போதும். இல்லையென்றால், வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மின் நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் அதை ஏற்கமாட்டா.

சார்ஜர் மாட்டுவது நீர்ச்சூடேற்றி மாட்டுவதைப் போன்ற வேலையல்ல என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மின் நிறுவல்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 60364-இல் மின்வாகனங்களுக்கென்றே 722 என்ற எண்ணில் ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு சார்ஜிங் முனைக்கும் தனி மின்சுற்று வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. பாதுகாப்பு வேண்டும். வாகனத்தின் மின்னணுப் பகுதிகளில் பழுது ஏற்பட்டால் நேர்மின்னோட்டம் (டி.சி.) கசியக்கூடும். வீடுகளில் இருக்கும் வழக்கமான ஏ வகைத் துண்டிப்பான், 6 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட நேர்மின் கசிவு இருந்தால், தன் வேலையைச் சரியாகச் செய்யும் என்று நம்ப முடியாது. ஆகவே பி வகைத் துண்டிப்பானோ, 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவை உணர்ந்து நிறுத்தும் அமைப்புடன் கூடிய ஏ வகையோ வேண்டும். பல சார்ஜர்களுக்குள்ளேயே இந்த அமைப்பு இருக்கிறது; வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நில இணைப்பும் அதே அளவுக்கு முக்கியமானது. சில நாடுகளில் மின் நிறுவனத்தின் நியூட்ரல் கம்பியே நில இணைப்பாகவும் பயன்படுகிறது. அந்தக் கம்பி தெருவில் எங்காவது அறுந்தால், வெளியே நிற்கும் வாகனத்தின் உலோக உடலில் ஆபத்தான மின்னழுத்தம் ஏறக்கூடும். அத்தகைய இணைப்புகளில் தனி நிலக்கம்பியோ, இந்தப் பழுதைக் கண்டறியும் கருவியோ கட்டாயமாகக் கேட்கப்படுவது இதனால்தான்.

8. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சங்கம் முடியாது என்கிறது. அவர்கள் அப்படி மறுக்க முடியுமா?

இங்கேதான் நாட்டுக்கு நாடு வேறுபாடு மிக அதிகம். ஸ்பெயினில் உங்களுக்குரிய வாகன நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைப்பதற்குச் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவித்தால் போதும், வாக்கெடுப்புத் தேவையில்லை. ஜெர்மனியில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், சார்ஜிங் வசதியைக் கோரும் உரிமையை ஒவ்வோர் உரிமையாளருக்கும் வழங்கியது. எப்படிச் செய்வது என்பதைச் சங்கம் முடிவு செய்யலாம், செய்யவே கூடாது என்று சொல்ல முடியாது. நார்வேயில் நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், விண்ணப்பம் பெற்ற 60 நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுக்காவிட்டால், கூடுதல் விவரம் கேட்கப்பட்டதால் ஏற்பட்ட தாமதம் நீங்கலாக, ஒப்புதல் தரப்பட்டதாகவே கொள்ளப்படும். இத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் சங்கத்தின் விதிகளும் பெரும்பான்மை வாக்கும்தான் முடிவு செய்யும்.

சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சங்கத்தின் அச்சங்களை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பொதுவாக அவர்கள் அஞ்சுவது மூன்றைத்தான்: மின்கட்டணம் எல்லோர் தலையிலும் விழுமோ, கட்டடத்தின் மின்மாற்றி தாங்குமோ, தீ பிடிக்குமோ. முதல் அச்சத்துக்குத் தனி மீட்டரோ துணை மீட்டரோ விடையாகும். இரண்டாவதற்குத் தகுதி பெற்ற ஒருவரின் மின்பளு ஆய்வறிக்கையைக் கொடுங்கள். மூன்றாவது அச்சத்தை 10-ஆம் கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம். இவற்றுடன் கேபிள் செல்லும் வழியின் வரைபடம், செலவை நீங்களே ஏற்பதாகவும் வீட்டை விற்றுச் செல்லும்போது என்ன செய்வீர்கள் என்பதைக் குறிப்பதாகவும் ஓர் உறுதிமொழி ஆகியவற்றை இணைத்து எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு வாய்மொழியாகத்தான் மறுப்பு வரும். அதை எங்கும் எடுத்துச் சென்று முறையிட முடியாது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கேட்பவருக்கு மிச்சமிருக்கும் மின்பளுவைக் கொடுத்துக்கொண்டே வந்தால், நான்கைந்து பேருடன் அது தீர்ந்துவிடும். ஆறாவதாகக் கேட்பவருக்கு மறுப்பதும், மின்மாற்றியை மாற்றும் முழுச் செலவையும் அவரிடம் கேட்பதும் நியாயமாகாது. தொடக்கத்திலேயே எல்லா நிறுத்துமிடங்களுக்கும் பொதுவான கேபிள் தடத்தையும், இருக்கும் மின்சாரத்தை அந்தந்த நேரத்தில் சார்ஜ் ஆகும் வாகனங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் பளு மேலாண்மை அமைப்பையும் திட்டமிட்டுவிட்டால், அதே மின்மாற்றியிலிருந்து பல மடங்கு வாகனங்களுக்கு இரவு நேரத்தில் மின்சாரம் கொடுக்க முடியும்.

9. வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலில் வேண்டும். அடுக்குமாடியாக இருந்தால் அவர் வழியாகச் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். ஜெர்மனியிலும் கலிஃபோர்னியாவிலும் வாடகைதாரருக்கே இந்தக் கோரிக்கையை வைக்கும் சட்ட உரிமை உண்டு, செலவு அவருடையது. மற்ற இடங்களில், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சார்ஜரும், வீட்டிலேயே விட்டுச் செல்லும் கம்பியும் என்று பிரித்துப் பேசினால் உரிமையாளர் இணங்குவது எளிதாகிறது. காலி செய்யும்போது எது யாருக்குரியது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

10. தரைக்குக் கீழே உள்ள நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைத்தால் தீயணைப்புத் துறை அனுமதிக்குமா?

பல இடங்களில் அனுமதிக்கிறார்கள், நிபந்தனைகளுடன். ஒரே மூச்சில் எல்லா மின்சாரத்தையும் துண்டிக்கும் அவசரச் சுவிட்ச், புகை சூழ்ந்த நிலையிலும் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். படிக்கட்டுக்கும் வெளியேறும் வழிக்கும் அருகில் சார்ஜர் இருக்கக் கூடாது. புகை வெளியேற்றமும், தண்ணீர் தெளிப்பான்களும், வாகனம் மோதாமல் காக்கும் தடுப்புத் தூண்களும் கேட்கப்படலாம். லித்தியம் மின்கலத்தில் பிடித்த தீயை அணைக்க மிக அதிகத் தண்ணீர் தேவைப்படுகிறது. அணைந்த பிறகும் மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும். தரைமட்டத்தில் இடம் இருக்குமானால் முதல் சார்ஜர்களை அங்கே வைப்பது எல்லோருக்கும் நிம்மதி தரும்.

சார்ஜ் செய்யும்போது எரிவாயு வெளிவரும், ஆகவே தனிக் காற்றோட்டக் குழாய் வேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். அது ஹைட்ரஜனை வெளியிடும் பழைய ஈய அமில மின்கலங்களுக்காக எழுதப்பட்ட விதி. இன்றைய லித்தியம் அயனி வாகனங்கள் இயல்பான சார்ஜிங்கில் அப்படி எதையும் வெளியிடுவதில்லை; அமெரிக்க விதித் தொகுப்பும் காற்றோட்டம் தேவைப்படும் வாகனம், தேவைப்படாத வாகனம் என்று பிரித்துத்தான் பேசுகிறது. பணிவாக இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி விண்ணப்பத்தில் குறிப்பிடலாம்.

11. வீட்டுக்குள் நிறுத்த இடமில்லை. தெருவில் நிறுத்தி, வீட்டிலிருந்து கேபிள் இழுத்து சார்ஜ் செய்யலாமா?

நடைபாதையின் குறுக்கே கேபிளைக் கிடத்துவதற்கு, அந்த நடைபாதை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் கிடத்திய கேபிளில் யாராவது தடுக்கி விழுந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்களுடையது. பார்வையற்றவரும் சக்கர நாற்காலியில் செல்பவரும் அந்த நடைபாதையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விதியின் நியாயம் புரியும். பிரிட்டனில் சில உள்ளாட்சிகள், நடைபாதையில் மூடியுடன் கூடிய ஒடுங்கிய பள்ளம் அமைத்து அதற்குள் கேபிளை வைக்க அனுமதிக்கின்றன. நெதர்லாந்தில் சொந்த நிறுத்துமிடம் இல்லாதவர்கள், தங்கள் வீட்டருகே பொது சார்ஜர் ஒன்றை அமைத்துத் தருமாறு நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். இலண்டனில் தெருவிளக்குக் கம்பங்களிலேயே குறைந்த திறன் சார்ஜர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

உங்கள் வீட்டுக்கு எதிரே தெருவில் உள்ள இடம் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டதாக ஆகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

12. பொதுமக்களுக்காக சார்ஜிங் நிலையம் நடத்த மின்சாரம் விற்கும் உரிமம் வேண்டுமா?

மின்சாரத்தை மறுவிற்பனை செய்வது பல நாடுகளில் உரிமம் தேவைப்படும் தொழில் என்பதால் இந்த ஐயம் இயல்பானது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் மின்துறை அமைச்சகம் இதற்கு விளக்கம் அளித்தது: வாகனத்தின் மின்கலத்தை சார்ஜ் செய்து தருவது ஒரு சேவை, மின்சார விற்பனை அன்று, ஆகவே 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவையில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த நெறிமுறைகளும், பின்னர் 2024 செப்டம்பர் வரை வந்த திருத்தங்களும், தரநிலைகளைக் கடைப்பிடிக்கும் எவரும் நிலையம் தொடங்கலாம் என்ற நிலையைத் தொடர்கின்றன.

சிங்கப்பூர் வேறு வழியில் செல்கிறது. 2023 டிசம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்த மின்வாகன சார்ஜிங் சட்டத்தின்படி, அங்கே பயன்படுத்தப்படும் சார்ஜர்கள் வகை ஒப்புதல் பெற்றுத் தரைப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்யப்பட வேண்டும். சார்ஜிங் சேவை நடத்துபவர்கள் உரிமம் பெற வேண்டும். ஆகவே வேறொரு நாட்டில் உறவினர் வாங்கிய கருவியைக் கொண்டுவந்து பொருத்த நினைப்பவர்கள், உள்ளூர் ஒப்புதல் பட்டியலை முதலில் பார்க்க வேண்டும்.

உரிமம் தேவையில்லை என்ற இடத்திலும் 2-ஆம் கேள்வியில் சொன்ன மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. வணிக நிலையத்துக்கு நில வகைப்பாடு, வாகனங்கள் சாலையிலிருந்து நுழைந்து வெளியேறும் வழி, விளம்பரப் பலகை, உள்ளாட்சியின் தொழில் அனுமதி ஆகியவையும் சேரும்.

13. வாடிக்கையாளரிடம் நிமிடக் கணக்கில் வாங்குவதா, யூனிட் கணக்கிலா?

யூனிட் கணக்கே நேர்மையானது என்பது என் கருத்து. மின்கலம் நிறையும் தறுவாயில் வாகனமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிமிடக் கணக்கில் அந்தச் சுமை வாடிக்கையாளர் மேல் விழும். மின் நிறுவனம் அல்லாதவர் யூனிட் கணக்கில் விற்கக் கூடாது என்ற பழைய விதியால், அமெரிக்காவின் சில மாநிலங்களில் நிமிடக் கணக்கு நீண்ட காலம் நிலவியது. ஜெர்மனியில் எடையளவுச் சட்டத்துக்கு உட்பட்டு, சரிபார்க்கப்பட்ட மீட்டரில் யூனிட் கணக்காகவே விற்க வேண்டும். சார்ஜிங் முடிந்த பிறகும் இடத்தை விட்டு நகராத வாகனத்துக்குத் தனிக் கட்டணம் விதிக்கலாம். அதை முன்கூட்டியே தெளிவாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

பணம் செலுத்தும் முறையிலும் விதிகள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13 முதல் புதிதாக அமைக்கப்படும், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்கள், எந்தச் செயலியிலும் பதிவு செய்யாமல் வங்கி அட்டையால் பணம் செலுத்த வழி தர வேண்டும். பிரிட்டனில் 2024 நவம்பர் 24 முதல் 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள புதிய பொது சார்ஜர்களுக்கு இதே போன்ற விதி இருக்கிறது. அங்கு அதிவேக சார்ஜர் வலைகள் ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது.

14. அதிவேக சார்ஜர் வைக்க நினைக்கிறேன். வேறென்ன கவனிக்க வேண்டும்?

அதிவேக சார்ஜர் என்பது நேர்மின்சாரத்தை நேரடியாக மின்கலத்துக்குச் செலுத்தும், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள கருவி. இரண்டு மூன்று சேர்ந்தாலே தனி மின்மாற்றியும் சில நேரங்களில் உயரழுத்த இணைப்பும் தேவைப்படும். அப்போது மின் ஆய்வாளரின் ஒப்புதல் இல்லாமல் மின்சாரம் கொடுக்கமாட்டார்கள். மின்மாற்றிக்கு வேலி, இடைவெளி, பராமரிப்பு வண்டி வந்துபோகும் வழி ஆகியவற்றுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். நிலத்தின் வரைபடத்தில் வாகனங்களை மட்டும் வரைந்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

கேட்புக் கட்டணத்தையும் கவனியுங்கள். பயன்படுத்திய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் எடுத்த உச்ச மின்பளுவுக்கும் தனிக் கட்டணம் வாங்கும் முறை அது. மாதம் முழுவதும் சில வாகனங்களே வந்தாலும், இரண்டு சார்ஜர்கள் ஒருசேர முழு வேகத்தில் ஓடிய சிறிது நேரமே அந்தக் கட்டணத்தைத் தீர்மானித்துவிடும். தொடக்க ஆண்டுகளில் நிலையங்களை நட்டத்துக்குத் தள்ளுவது இதுதான். சில இடங்களில் சார்ஜிங் நிலையங்களுக்கு இந்தக் கட்டணம் இல்லாத ஒற்றைப் பகுதிக் கட்டணம் இருக்கிறது. அந்த வகையில்தான் இணைப்பு தரப்படுகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

பெட்ரோல் நிலையத்துக்குள் வைப்பதானால், எரிபொருள் ஆவி பரவக்கூடிய பகுதி என்று குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியேதான் சார்ஜரும் அதன் இணைப்புப் பெட்டிகளும் இருக்க வேண்டும்; வெடிபொருள், எரிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் துறையின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

15. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்தே ஆக வேண்டும். பல இடங்களில் சட்டமும் கேட்கிறது, கேட்காத இடத்திலும் இது அடிப்படை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி எட்டக்கூடிய உயரத்தில் திரையும் பிளக்கும் இருக்க வேண்டும். வாகனத்தின் பக்கவாட்டில் நாற்காலி திரும்ப இடம் வேண்டும். சார்ஜரைக் காக்கும் தடுப்புத் தூண்களே வழியை மறித்துவிடக் கூடாது. சார்ஜர் உயர்ந்த திட்டின் மேல் நின்றால் சாய்தளம் வேண்டும். அதிவேக சார்ஜரின் கேபிள் கனமானது, ஒரு கையால் தூக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2022-இல் வெளியான பாஸ் 1899 என்ற விவரக்குறிப்பு இவற்றுக்கெல்லாம் அளவுகளோடு வழி சொல்கிறது. அது கட்டாயமில்லாவிட்டாலும், எந்த நாட்டிலும் வடிவமைப்பவர்கள் அதைப் பின்பற்றலாம்.

16. புதிதாகக் கட்டடம் கட்டுகிறோம். இப்போதே எதையெல்லாம் செய்து வைக்க வேண்டும்?

கேபிள் தடம், மின் பலகையில் இடம், மின்மாற்றி அறையில் கூடுதல் இடம் ஆகிய மூன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கான்கிரீட்டை உடைத்துக் குழாய் பதிப்பதற்கு ஆகும் செலவு, இப்போது வெற்றுக் குழாயைப் பதித்து வைப்பதைவிடப் பன்மடங்கு அதிகம்.

இந்தியாவின் மாதிரிக் கட்டட விதிகளில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், கட்டடத்தின் நிறுத்துமிடக் கொள்ளளவில் 20 சதவீத வாகனங்களுக்கு சார்ஜிங் வசதியும் அதற்கேற்ற மின்பளுவும் வேண்டும் என்கிறது. மாதிரி விதி என்பதால், மாநிலமும் உள்ளாட்சியும் ஏற்றுக்கொண்ட வடிவமே உங்களைக் கட்டுப்படுத்தும். இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல், நிறுத்துமிடத்துடன் கூடிய புதிய வீடுகளுக்கு சார்ஜர் கட்டாயம்.

17. எல்லாம் சேர்ந்து எவ்வளவு நாள் ஆகும்?

வலையில் மாற்றம் தேவைப்படாத சிறிய இணைப்பு என்றால் நாட்கணக்கில் முடியும்; மின்மாற்றியோ புதிய கேபிளோ தேவைப்பட்டால் மாதக்கணக்கில் ஆகலாம். இந்தியாவில், 5-ஆம் கேள்வியில் குறிப்பிட்ட 2024 திருத்தத்தின்படி, முழுமையான விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து பெருநகரங்களில் 3 நாட்கள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாட்கள், ஊரகப் பகுதிகளில் 15 நாட்கள், மலைப்பாங்கான ஊரகப் பகுதிகளில் 30 நாட்களுக்குள் இணைப்புத் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் 2021-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 25 சார்ஜர்கள் வரையான விண்ணப்பத்தில் குறை இருந்தால் 5 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அது முழுமையானதாகக் கொள்ளப்படும்.

இந்தக் கெடுக்கள் எல்லாம் முழுமையான விண்ணப்பத்திலிருந்தே தொடங்குகின்றன. ஆவணம் ஒன்று குறைந்தாலும் நாள் எண்ணப்படாது. விண்ணப்பத்துக்கு எண்ணும் தேதியும் இட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

18. காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் திரும்பத் தரும் சார்ஜர் வந்திருக்கிறதாமே. அதற்கும் இதே அனுமதி போதுமா?

போதாது. வாகனத்திலிருந்து மின்சாரம் வெளியே வரத் தொடங்கியதுமே, விதிகளின் பார்வையில் அது ஒரு மின் உற்பத்திக் கருவி. கூரைமேல் சூரிய மின்தகடு வைத்து வலையோடு இணைப்பவர்கள் பெறும் ஒப்புதலை ஒத்த தனி ஒப்புதல் வேண்டும். தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பணியாளர் கம்பியைத் தொடும் நேரத்தில் உங்கள் கார் அந்தக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பிவிடக் கூடாது. வலை நின்றதும் தானும் துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறது என்பதற்கான சான்று இல்லாமல் எந்த மின் நிறுவனமும் ஒப்பாது. பிரிட்டனில் மின் இணைப்பின் ஒரு முனைக்கு (ஃபேஸுக்கு) 16 ஆம்பியர் வரை ஒரு நடைமுறையும், அதற்கு மேல் முன் ஒப்புதல் தேவைப்படும் வேறொரு நடைமுறையும் இருக்கின்றன. வாகனத்தின் மின்கல உத்தரவாதம் இந்தப் பயன்பாட்டை ஏற்கிறதா என்பதையும் பாருங்கள்.

19. அனுமதி கேட்காமலே மாட்டிவிட்டேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இப்போது போய்ச் சொன்னால் சிக்கலாகுமா?

சொல்லாமல் இருப்பதுதான் பெரிய சிக்கல். தீயோ மின்விபத்தோ நேர்ந்தால், சான்று இல்லாத நிறுவலைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். பிறருக்குக் காயம் ஏற்பட்டால் பொறுப்பு நேரடியாக உங்கள் மேல் வரும். முதலில் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, 7-ஆம் கேள்வியில் சொன்ன பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று சோதிக்கச் சொல்லுங்கள்; குறை இருந்தால் சரிசெய்து சான்று பெறுங்கள். அதோடு மின்பளு உயர்வுக்கு விண்ணப்பியுங்கள். தாமாக முன்வந்து முறைப்படுத்துபவர்களுக்கு மின்பளு வேறுபாட்டுக் கட்டணமும் வைப்புத்தொகையும்தான் பெரும்பாலும் கேட்கப்படும். சோதனையில் பிடிபட்டால் அபராதம் வேறு.

20. எல்லாம் கொடுத்தும் மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன?

மறுப்புக்கான காரணத்தையும், அதற்கு அடிப்படையான விதியின் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். மறுப்புகளில் பல, சரிசெய்யக்கூடிய காரணங்களுக்காகவே வருகின்றன: ஒற்றைக் கோட்டு மின்வரைபடம் இல்லை, சார்ஜரின் தரச்சான்று இணைக்கப்படவில்லை, நிலத்தின் உரிமையாளர் கையொப்பமிடவில்லை. அந்தப் பகுதியில் மின்சாரம் போதவில்லை என்பது காரணமானால், குறைந்த திறனுள்ள சார்ஜருக்கோ, பளு மேலாண்மை அமைப்புடன் கூடிய இணைப்புக்கோ திருத்திய விண்ணப்பம் கொடுக்கலாம்.

காரணமே சொல்லாமல் மறுத்தாலோ, கெடு தாண்டியும் பதில் வராவிட்டாலோ மேல்முறையீடுதான் வழி. இந்தியாவில் மின் நிறுவனம் தொடர்பான புகாரை முதலில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும், அங்கே தீராவிட்டால் மின்குறை தீர்ப்பாளரிடமும் கொண்டுசெல்ல 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு வழி செய்கிறது. சங்கம் மறுத்தால் கூட்டுறவு அல்லது பதிவுத்துறை அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ செல்ல வேண்டும். உள்ளாட்சி மறுத்தால் அதன் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல வேண்டும். எங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது விண்ணப்பத்தின் நகல், ஒப்புகைச் சீட்டு, மறுப்புக் கடிதம் ஆகிய மூன்றும்தான்.